சாயங்காலம் மட்டும் ஆடிய ஸ்டியரிங்

ஸ்டியரிங் ஆடுகிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் எங்கெங்கே கை வைக்க வேண்டும் என்று புதிதாக மெக்கானிக் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டயர், ரிம், பேரிங், டை ராடு என்று வரிசையாகப் பாடம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதிலும் பேட்டரி கார் என்றால் என்னைவிட உங்களுக்கே அதிகம் தெரியும். நான் டீசல் புகையில் வளர்ந்தவன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள்தான் பேட்டரி கார்களோடு மல்லுக்கட்டினேன். அதனால் வண்டியைவிட அதைக் கொண்டுவந்த ஆளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். அவர் பெயர் மாணிக்கம். அவருக்கு நான் செய்தது அநியாயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மலையடிவார ஊரான ஆலங்காயத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சர்வீஸ் சென்டரில் நான் சூப்பர்வைசர். என் வாயைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். எந்தக் கஸ்டமர் எவ்வளவு கோபமாக வந்தாலும் ஒரு வார்த்தையில் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பட்டறையில் பாதிச் சண்டை அதனாலேயே தீர்ந்தது என்பதும் உண்மைதான். இன்னொரு விஷயத்திலும் எனக்குப் பெருமை உண்டு. கழுவாத வண்டி ராம்ப் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டது நான்தான். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் வண்டிகள் அடியில் செம்மண்ணைச் சுமந்துகொண்டு வரும். அடியில் நின்று வேலை பார்க்கிறவன் கண்ணில் மண் கொட்டும். ஒரு பையனுக்குக் கண்ணே சிவந்து வீங்கிப்போனது. அன்றிலிருந்து வண்டி உள்ளே நுழைந்ததும் நேராக வாட்டர் வாஷ், அடி வரைக்கும் அடித்துக் கழுவிய பிறகுதான் மெக்கானிக் தொடவேண்டும். நல்ல சட்டம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எந்த நல்ல சட்டத்துக்கும் கண் கிடையாது என்பது மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை.

மாணிக்கம் மலைக்காரர். ஜமுனாமரத்தூர் போகிற பாதையில் ஒரு சின்ன ஊர். சாமையும் புளியும்தான் அவர்கள் பிழைப்பு. அந்த ஊரில் முதன்முதலாக டிரைவர் லைசென்ஸ் எடுத்தவர் அவர். ஆலங்காயத்தில் புளி மண்டி வைத்திருந்த தாமோதரன் ஒரு பேட்டரி கார் வாங்கி, மலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் மூன்று டீச்சர்களுக்கு மாத வாடகைக்கு விட்டிருந்தார். மாணிக்கம்தான் அதற்கு டிரைவர். காலையில் ஏற்றிக்கொண்டு போய், நாள் முழுக்கப் பள்ளிக்கூட வாசலில் நின்று, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். மண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு அறையில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போவார். அதிகம் பேசமாட்டார். என் கிண்டலுக்குச் சிரிக்காத ஒரு சிலரில் அவரும் ஒருவர் என்பதால் அவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு சனிக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுவந்தார்.

"ஸ்டியரிங் ஆடுதுங்க சார்."

"எப்போ ஆடுது?"

"மலை எறங்கி தரைக்கு வந்து, ஆலங்காயம் வர்ற வழியில. கையெல்லாம் ஒதறுது. புடிச்சிக்கவே முடியல."

"இப்போ வரும்போது ஆடிச்சா?"

"இல்லைங்க. மண்டியிலேர்ந்து இங்க கூப்பிடு தூரம்தான."

வண்டி கழுவப் போனது. பிறகு நானே ஓட்டிப் பார்த்தேன். வாணியம்பாடி ரோட்டில் எண்பது வரைக்கும் போனேன். தண்ணீரில் படகு போவதுபோல வண்டி போனது. இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துப் பார்த்தேன், கோடு கிழித்தமாதிரி நேராகப் போனது. ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டேன். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் சின்னச் சின்ன அதிர்வுகூடப் பெரிதாகத் தெரியும், டீசல் ஜீப் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஆரம்பத்தில் பயமாகத்தான் இருக்கும் என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். பல பேருக்கு அந்த விளக்கம் சரியாகவும் இருந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். இந்த முறை நான்கு சக்கரத்தையும் கழற்றி பேலன்சிங் மெஷினில் போட்டோம். சுத்தமாக இருந்தது. அலைன்மென்ட் பார்த்தோம். டை ராடு எண்டை ஆட்டிப் பார்த்தோம். ரிம் வளைந்திருக்கிறதா என்று சுற்றவிட்டுப் பார்த்தோம். எங்கேயும் ஒரு குறையும் இல்லை. அன்றும் ஓட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. அன்றைக்கு மாணிக்கம் ஒரு விஷயம் சொன்னார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் அரைமணி நேரத்தில் விடை கிடைத்திருக்கும்.

"காலையில போவும்போது ஒண்ணும் தெரியலைங்க. சாயங்காலம்தான் ஆடுது."

ஏன் சாயங்காலம் மட்டும் என்று நான் கேட்கவில்லை. காலையில் எவ்வளவு வேகத்தில் போவாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மலையில் பேட்டரி கார் ஓட்டுகிற எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்துகொண்டிருந்தார். ஏற்றத்தில் வண்டி சார்ஜைத் தின்றுவிடும் என்பதால் காலையில் தரையில் நாற்பதைத் தாண்டமாட்டார். இறக்கத்தில் மோட்டாரே பிரேக் பிடித்துச் சார்ஜைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் சாயங்காலம் கீழே வந்து சேரும்போது கவலையில்லாமல் மிதிக்கலாம். டீச்சர்களுக்கும் வாணியம்பாடி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். ஆகவே அறுபது, எழுபது. சக்கரத்தில் எங்கேயாவது எடை ஏறியிருந்தால் நாற்பதில் தெரியாது, அறுபதில் கையை உதறும். இது நீங்கள் முதல் மாதத்தில் படிக்கிற பாடம். முப்பது வருடம் வேலை பார்த்த எனக்கு அது அன்றைக்கு மூளையில் எட்டவில்லை. எட்டாததற்குக் காரணம், சாயங்காலம் என்ற சொல் காதில் விழுந்ததும் என் புத்தி வேறு பக்கம் போய்விட்டது.

மூன்றாவது முறை தாமோதரனும் கூடவே வந்தார். அவர் முகம் சரியில்லை. ஒரே குறைக்கு மூன்றாவது நாள் வண்டி நிற்கிறது, டீச்சர்கள் பஸ்ஸில் போகிறார்கள்.

"இன்னா சார், கண்டுபுடிக்க முடியுமா முடியாதா? இல்லன்னா சொல்லிடுங்க, வேலூருக்கு எடுத்துக்கினு போறேன்."

வேலூர் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவி முடித்த வண்டியை நான் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆடவே இல்லை. என் கையில் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான். அந்த இடத்தில் தெரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். வேலூருக்கு அனுப்புங்கள், மானம் போனால் போகட்டும்.

நான் அதைச் செய்யவில்லை. மாணிக்கத்தின் தோளில் கை போட்டேன்.

"காலையில ஆடாது, சாயங்காலம் ஆனா ஆடும். மாணிக்கம், ஆடறது ஸ்டியரிங் இல்லப்பா, உன் கை."

பட்டறை முழுக்கச் சிரிப்பு. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தவன்கூட உண்டு. தாமோதரனும் சிரித்தார். முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஜாப் கார்டில் 'வண்டியில் குறை இல்லை, ஓட்டுநரைக் கவனிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வரியை எழுதும்போது என் கை ஆடவில்லை.

அடுத்த வாரமே தாமோதரன் ஆளை மாற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மூன்று பெண்கள் உட்கார்ந்து போகிற வண்டி, மலைப்பாதை. சர்வீஸ் சென்டர்க்காரனே கையெழுத்துப் போட்டு ஓட்டுநரைக் கவனி என்று சொன்னால் எந்த முதலாளியும் அதைத்தான் செய்வான். தன் அக்கா மகன் ரமேஷை டிரைவராகப் போட்டார். அந்த நேரம் பார்த்து மழையும் ஓய்ந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டியரிங்கைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.

அந்த ஒரு மாதத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது. போகிற வருகிறவர்களிடமெல்லாம் இதை என் சாமர்த்தியமாகச் சொன்னேன். மெஷினால் கண்டுபிடிக்க முடியாததை வாயால் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். ஆலங்காயம் பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கிற கார் ஸ்டாண்டில் அந்தக் கதை என்னைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. யாராவது டீ கிளாஸைச் சிந்தினால்கூட "இன்னா, சாயங்காலம் ஆயிடுச்சா" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது.

பிறகு கார்த்திகையில் மழை திரும்பப் பிடித்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. ஒரு நாள் சாயங்காலம் டீச்சர்களை இறக்கிவிட்டு ரமேஷ் நேராகப் பட்டறைக்கு வந்தான்.

"சார், ஸ்டியரிங் பயங்கரமா ஆடுது சார். ரெண்டு நாளா."

அவன் கறுப்பு வேட்டியில் இருந்தான். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். செருப்பில்லாத கால். மாலை போட்டவன் குடிக்கமாட்டான், அவனிடம் என் கிண்டல் செல்லாது. அப்போதுதான், அந்த ஒரே காரணத்தால்தான், நான் முதன்முறையாக வண்டியைப் பற்றி யோசித்தேன்.

இன்னொன்றும் அன்று நடந்தது. மத்தியானமே வாட்டர் வாஷ் மோட்டார் எரிந்துபோயிருந்தது. வண்டியைக் கழுவ வழியில்லை. வேறு நாளாக இருந்தால் நாளைக்குக் கொண்டுவா என்று சொல்லியிருப்பேன். அன்று என்னவோ, அப்படியே சேறும் சகதியுமாக அதில் ஏறி வாணியம்பாடி ரோட்டுக்குப் போனேன். ஐம்பதைத் தாண்டியதும் ஆரம்பித்தது. அறுபதில் ஸ்டியரிங் என் இரண்டு கையையும் பிடித்து உலுக்கியது. மணிக்கட்டு வரைக்கும் வலித்தது. வேகத்தைக் குறைத்ததும் நின்றுவிட்டது. ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மாணிக்கம் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் சரி. கையெல்லாம் உதறுது என்றார், உதறியது. பிடித்துக்கொள்ளவே முடியவில்லை என்றார், முடியவில்லை.

என் சட்டத்தை நானே மீறி, கழுவாமல் ராம்ப் ஏற்றினேன். அந்த வண்டியின் சக்கரங்களுக்குக் காற்று எதிர்க்காமல் இருக்க முகத்தை மூடினமாதிரி வீல் கப் உண்டு. வெளியில் இருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. முன்சக்கரத்தைக் கழற்றித் திருப்பினேன். ரிம்மின் உள்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் செம்மண் அப்பி, காய்ந்து, அரைச் செங்கல் அளவுக்குக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அடுத்த சக்கரத்திலும் அப்படியே.

ரமேஷிடம் விசாரித்தேன். மலைப்பாதையில் ஒரு சிறுபாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள், அதுவரைக்கும் ஓடைக்குள் இறங்கி ஏற மண்பாதை போட்டிருக்கிறார்கள், மழை பெய்தால் சக்கரம் பாதி முழுகுகிற சேறு என்றான். காலையில் சேற்றில் இறங்கி ஏறுகிறது. பள்ளிக்கூட வாசலில் நாள் முழுக்க நிற்கும்போது சேறெல்லாம் ரிம்மின் அடிப்பக்கம் வழிந்து இறங்கிக் காய்ந்து இறுகுகிறது. சாயங்காலம் தரையில் மிதித்தால் ஆடுகிறது. பட்டறைக்கு வந்தால் முதல் காரியமாக நாங்களே அதைக் கழுவிவிட்டு, சுத்தமான வண்டியை ஓட்டிப் பார்த்து, குறை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வாட்டர் வாஷ் பார்க்கிற ஏழுமலை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது இந்த வண்டிக்கு எப்பவும் கீறதுதான் சார். தண்ணி அடிச்சாலும் போவாது. ஸ்குரூ டிரைவர் வச்சி நோண்டித்தான் எடுப்பேன்."

"மாணிக்கம் கொண்டாந்தப்பவுமா?"

"மூணு வாட்டியும் நான்தான எடுத்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். மண்ணை எடுப்பது அவர் வேலை, எடுத்தார். மண் எங்கே இருந்தது என்று கேட்பது என் வேலை.

தாமோதரனுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி வுடுங்க சார், அதான் ஆள் மாத்தியாச்சே" என்றார். அந்த வார இறுதியில் பஸ் ஏறி மாணிக்கத்தின் ஊருக்குப் போனேன். கொல்லையில் சாமைத் தாள் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொன்னார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அந்த சர்வீஸ் சாரா?" என்று அவரைக் கேட்டார். அவர் தலையாட்டியதும் அந்தம்மா உள்ளே போய்விட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மண், வீல் கப், வாட்டர் வாஷ், ஒன்றையும் மறைக்கவில்லை. தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அதுவரை ஒருமையில் பேசிக்கொண்டிருந்த நான் அன்றைக்குத்தான் அவரை மரியாதையோடு கூப்பிட்டேன். அவருக்கு அது தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"பள்ளிக்கூடத்துல ஆஸ்டல் புள்ளைங்களுக்கு வேன் வாங்கியிருக்காங்க" என்றார். "டிரைவர் வேலைக்கு நான் எழுதிப் போட்டிருந்தேன். எங்க ஊருக்குப் பக்கம். டீச்சருங்ககூட எனக்காக சொல்றேன்னாங்க. ஆனா கமிட்டியில யாரோ சொல்லிட்டாங்களாம், அவன் சாயங்காலம் ஆனா ஆடறவன்னு."

"நான் ஹெட்மாஸ்டர்கிட்ட வந்து சொல்றேன்."

"சொல்லுங்க" என்றார். "ஆனா சார், நீங்க அன்னிக்கி அத்தினி பேர் முன்னாடி சொன்னீங்க. இப்ப வூட்டாண்ட தனியா வந்து மாத்தி சொல்றீங்க. ஸ்டாண்டுல வந்து சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். ஹெட்மாஸ்டரை அன்றே அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். வேனுக்கு ஆள் எடுத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது என்று வருத்தப்பட்டார்.

மறுநாள் காலையில் மாணிக்கம் முதல் பஸ்ஸில் இறங்கி ஆலங்காயம் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் ஒரு பிளாஸ்டிக் கவரில் அந்த மண்கட்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஸ்டாண்டில் பத்துப் பதினைந்து டிரைவர்கள் இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒரு ஸ்டூலைப் போட்டு, டீ சொல்லி, சுற்றி நின்றுகொண்டார்கள். நான் போனால் எப்போதும் அப்படித்தான்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். மாணிக்கத்தின் கை ஆடவில்லை, ஸ்டியரிங்தான் ஆடியது, அதற்குக் காரணம் இதுதான் என்று மண்கட்டியை எடுத்துக் காட்டினேன். முன்னால் நின்றவன் சிரித்தான். அடுத்தவனும் சிரித்தான். நான் குரலை உயர்த்தி, கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"மண்ணுக்கு எவ்ளோ ஊத்திவிட்டீங்க சார்?" என்று ஒருவன் கேட்டான்.

எத்தனையோ வருடமாக நான் வாயைத் திறந்தால் சிரிக்கவேண்டும் என்று பழக்கி வைத்திருந்தவர்கள் அவர்கள். நான் எப்படிச் சொன்னாலும் அவர்களுக்குக் கடைசியில் ஒரு சிரிப்பு வரவேண்டும், அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மண்கட்டியைத் திரும்பக் கவரில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அதையும் நடிப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாணிக்கம் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றோம்.

"சிரிக்கிறாங்களேன்னு வருத்தப்படாதீங்க சார்" என்றார். "அன்னிக்கி பட்டறையில நீங்க சொன்னப்போ நானும்தான் சிரிச்சேன். நீங்க பாக்கல. வேற இன்னா பண்றதுன்னு தெரியல."

ஜமுனாமரத்தூர் பஸ் வந்தது. அவர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். தை பிறந்ததும் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கே அவர் வண்டி ஓட்டவில்லை, காப்பிக்கொட்டை பறிக்கிறார்.